ரம்ப்ளா வீதி யாருடையது?

ஐரோப்பாக் கண்டத்துக்கு யாத்திரை போய் வந்தவர்கள் தாங்கள் கண்ட கோபுரங்களையும் அரண்மனைகளையும் பற்றி எழுதுவதே வழக்கம். நாம் இன்று ஒரு வீதியைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறோம். ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலோரத்திலுள்ள பார்ஸிலோனா நகரத்தில் ரம்ப்ளா என்று ஒரு வீதி உண்டு. அதன் நீளம் 1.2 கிலோமீட்டர், சற்று விரைந்து நடப்பவர் கால் மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை நடுப்பகலில், நாம் அதைக் கடந்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றது. அவ்வளவு ஜனத்திரள்! அத்திரளைப் பற்றிக் குறை கூறிக்கொண்டே நடந்தோம். நாமும் அத்திரளில் ஒருவர் என்பது வெகுநேரம் கழித்தே நமது புத்தியில் உறைத்தது. இக்கட்டுரைக்குக் காரணம் அதுவே.

முதலில் வீதியின் அமைப்பைக் கூறுவோம். ஒரு முனையில் கட்டலூனியா சதுக்கம். மறு முனையில் துறைமுகம். வீதியின் நடுவே அகன்றதொரு மேடை போல் பாதை செல்கிறது. அது முழுவதும் நடப்பவர்களுக்கே உரியது. வண்டிகள் இரண்டு ஓரங்களிலும் ஒடுங்கிப் போகவேண்டும். நமது ஊர்களில் வண்டிக்கு நடு வீதியும் மனிதனுக்குச் சாக்கடை ஓரமும் என்பது எழுதாத சாஸனமாக இருந்து வருகிறது. அங்கே அது தலைகீழாக இருப்பதைக் கண்டு நாம் முதலில் மகிழ்ச்சியே கொண்டோம். இருமருங்கிலும் பிளேன் என்னும் ஜாதி மரங்கள் உயர்ந்து வளர்ந்து மேலே கைகோத்து நிற்கின்றன. 1859-ஆம் வருஷம் முதற்கொண்டு அம்மரங்கள் அங்கே நிழல் தந்து வருகின்றன. நாம் சென்றது இலை பழுக்கும் காலமாதலால் வெயிலே மஞ்சள் பூசிக்கொண்டு இறங்குவது போன்றிருந்தது.

ஆனால் மேலே பார்க்க யாருக்கு அவகாசம்? கீழே பார்த்து நடக்கவேண்டியிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சுப் பூசிக்கொண்டு சிலைபோல் அசையாமல் நிற்கும் மனிதர்கள் ஒரு பக்கம். நான்கு மூலையிலும் கயிறு கட்டிய துணியில் சரக்கைப் பரப்பி, போலீஸார் தலை தெரிந்த மாத்திரத்தில் கயிற்றைச் சுண்டி மூட்டையாக்கிக்கொண்டு ஓடும் ஆப்பிரிக்க இளைஞர்கள் ஒரு பக்கம். காந்தம், தொப்பி, பந்தாட்டச் சட்டை என்று ஒரே மாதிரியான சாமான்களை ஒரே மாதிரி அடுக்கிய கடைகள் ஒரு பக்கம். இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன், கொரிய பாஷைகள் யாவும் காதில் விழுந்தன. நமது தேசத்து ஹிந்துஸ்தானியும் விழுந்தது. அந்த ஊரின் சொந்த பாஷையாகிய கட்டலான் மட்டும் விழவில்லை. ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்து ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு அருந்தினோம். அடுத்த சந்துக்குள் சென்றிருந்தால் மூன்று குவளை கிடைக்கக்கூடிய தொகையை அதற்கு அழுதோம். எழுந்து நடந்த சிறிது நேரத்தில் நமது சட்டைப் பைக்குள் நமது கையல்லாத வேறொரு கை இருப்பதைக் கண்டோம். கைக்குரியவர் மிக மரியாதையாகப் புன்னகை செய்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்தார். பணம் பிழைத்தது, மனம் கசந்தது. 'இது ஒரு வீதியா? பெரிய சந்தை! யாருக்கும் சொந்தமில்லாத சத்திரம்!' என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தங்குமிடம் திரும்பினோம்.

எதிர்க்கட்சியைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு அழகன்று. அன்று மாலையே எதிர்க்கட்சி நமது வாசலில் வந்து நின்றது.

நாம் தங்கியிருந்தது ஹோட்டலன்று. ரம்ப்ளாவுக்கு அருகிலுள்ள பழைய பேட்டையில், ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பிரயாணிகளுக்கென்று நாள் வாடகைக்கு விடப்படும் ஒரு வீடு. ஹோட்டலைவிடச் செலவு குறைவு, சொந்தமாகச் சமைத்துக்கொள்ளலாம் என்று நாமே விரும்பி ஏற்பாடு செய்துகொண்டது. மாடிப்படியில் ஒரு மூதாட்டியார் காய்கறிப் பையுடன் நின்றிருந்தார். நாம் வணக்கம் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. நம்முடன் வந்த உள்ளூர் நண்பர், அவரும் ஒரு வக்கீல், கட்டலான் பாஷையில் ஏதோ பேசினார். மூதாட்டியார் சுருக்கமாக ஒரு வார்த்தை கூறிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக மேலே ஏறிப் போனார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டோம்.

நண்பர் சொல்லத் தயங்கினார். வற்புறுத்திய பின் கூறினார்: "தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம். 'இந்த மூன்றாம் மாடியில் முன்பு நான்கு குழந்தைகள் இருந்தார்கள்; இப்போது பெட்டிகள் இருக்கின்றன' என்றார்."

நமது பெட்டி வாயிலிலேயே இருந்தது. அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டோம். அன்றிரவு நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இதன்பின் அந்த வீதியின் வரலாற்றை நண்பர் மூலமாகவும் புத்தகங்கள் மூலமாகவும் ஒருவாறு தெரிந்துகொண்டோம். அதை நமது வாசகர்களும் அறியவேண்டும்; அறியாவிடில் வழக்கு விளங்காது.

ரம்ப்ளா என்ற பெயர் மணல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மழைக் காலத்தில் வெள்ளமும் மற்றக் காலத்தில் மணலுமாகக் கிடந்த ஒரு காட்டாற்றின் படுகைதான் இந்த வீதி. 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மதில் இவ்வாற்றங்கரையோரமாகச் சென்றது. பிறகு நகரம் ஆற்றைத் தாண்டி வளர்ந்தது. ஆறு திருப்பி விடப்பட்டது. மதிலும் காலக்கிரமத்தில் இடிக்கப்பட்டது. தண்ணீர் ஓடிய இடத்தில் ஜனங்கள் ஓடலானார்கள்.

வீதியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனிப் பெயர் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் 'படிப்புகளின் ரம்ப்ளா'. பார்ஸிலோனாவின் பழைய சர்வகலாசாலை அங்கே இருந்தது. 1714-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி அந்நகரம் நீண்ட முற்றுகைக்குப் பின் ஐந்தாம் பிலிப் மன்னரின் சேனையிடம் வீழ்ந்தது. வென்ற மன்னர் கட்டலான் மக்களின் பழைய சட்டங்களையும் சபைகளையும் ஒழித்தார். 1717-இல் சர்வகலாசாலையைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் செர்வேரா என்னும் சிற்றூரில் நட்டார். படிப்பு நடந்த கட்டடத்தில் பட்டாளம் குடியேறியது. ஒரு ஜாதியாரை அடக்க விரும்புகிறவர்கள் முதலில் எதன்மேல் கை வைப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. தோல்வியடைந்த அந்தத் தினத்தையே அம்மக்கள் இன்றும் தங்கள் தேசியத் தினமாகக் கொண்டாடி வருகிறார்கள்.

வீதியின் நடுப்பகுதியில் பொகேரியா என்ற புகழ்பெற்ற சந்தை இருக்கிறது. 1835-இல் நடந்த கலகத்தில் இவ்வீதியிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த மடங்கள் பல தீக்கிரையாயின. ஸான் ஜோஸப் மடம் இருந்த இடத்தில் 1840-இல் சந்தைக் கட்டடம் தொடங்கப்பெற்றது. 1914-இல் அதற்கு இரும்புக் கூரை ஏற்பட்டது. சந்தைக்குச் சிறிது தூரத்தில் லிஸேவு என்னும் இசை நாடக சாலை. 1847-இல் திறக்கப்பட்ட அச்சாலை 1861-இலும் 1994-இலும் எரிந்து மீண்டும் எழுந்தது. 1893-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஓர் அராஜகவாதி மேல் தட்டிலிருந்து வெடிகுண்டு வீச, நாடகம் பார்த்துக்கொண்டிருந்த 20 பேர் மாண்டனர். செல்வர்கள் முத்துமாலை அணிந்து உள்ளே போவதையும், ஆலைத் தொழிலாளர் வெளியே நின்று பார்ப்பதையும் ஒரே வீதி கண்டுகொண்டிருந்தது. அவ்விரண்டுக்கும் இடையே மூண்ட பகைக்கும் அதுவே களமாயிற்று.

உள்நாட்டு யுத்த காலத்தில் இவ்வீதியில் நடந்ததை நமது பிஹார் மாகாணத்து மோதிஹாரியில் 1903-இல் பிறந்த ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஜார்ஜ் ஆர்வெல். பாஸிஸத்தை எதிர்த்துப் போராட வந்த அவர், 1937-ஆம் வருஷம் மே மாதத்தில், ஒரே கட்சியில் நிற்க வேண்டியவர்கள் தமக்குள்ளேயே சுட்டுக்கொண்டபோது, ரம்ப்ளாவிலுள்ள பொலியோராமா என்னும் படக்கொட்டகையின் மாடியில் துப்பாக்கியுடன் காவலிருந்தார். கவிஞர் ஃபெதெரிகோ கார்ஸியா லோர்க்கா 1935-இல் இவ்வீதியின் பூக்காரப் பெண்களுக்கென்றே தம் நாடகத்தை ஒருநாள் நடத்தி, இந்த வீதி முடியாமல் இருக்கக்கூடாதா என்ற கருத்துப்படப் பேசினார். மறு வருஷம் ஆகஸ்டு மாதம் அவர் கொல்லப்பட்டார்.

நமது மனத்தை மிகவும் தைத்த சங்கதி வேறொன்று. வீதியின் மேல் முனையில் கனலேத்தெஸ் என்று ஓர் இரும்பு நீரூற்று இருக்கிறது. பார்ஸிலோனாப் பந்தாட்டக் கட்சி ஜெயித்துவிட்டால் ஆயிரக் கணக்கான ஜனங்கள் அங்கே கூடிக் கொண்டாடுவார்கள். ஏன் அங்கே என்று கேட்டோம். 1930-களில் அதற்கெதிரில் ஒரு பத்திரிகாலயம் இருந்தது. அதன் வாயிலில் ஒரு கரும்பலகையில் ஆட்டத்தின் முடிவை எழுதி வைப்பார்கள். வானொலி வீட்டுக்கு வீடு இல்லாத அந்தக் காலத்தில் ஜனங்கள் அதைப் பார்க்கவே கூடினார்கள் என்று விடை கிடைத்தது. அப்பத்திரிகையின் பெயரே 'லா ரம்ப்ளா' என்பதாம். அதை 1930-இல் ஸ்தாபித்தவர் ஜோஸப் சுன்யோல். அவர் ஒரு வக்கீல், பத்திரிகை அதிபர், ஸ்பெயின் சட்டசபை அங்கத்தினர், 1935 முதல் பந்தாட்டக் கட்சியின் தலைவர். விளையாட்டும் குடிமைப் பண்பும் ஒன்றாக வளரவேண்டும் என்பதே அவரது கொள்கை. 1936-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மாட்ரிட் நகருக்கு அருகிலுள்ள மலைப்பாதையில் தவறுதலாக எதிரிகளின் எல்லைக்குள் சென்றுவிட்ட அவரைப் பிராங்கோவின் படையினர் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். வயது 38. சட்டமும் பத்திரிகையும் தொழிலாகக் கொண்ட நமக்கு, அந்நீரூற்றின் அருகில் நின்றபோது உண்டான உணர்ச்சியை விவரிப்பது எளிதன்று. பத்திரிகை போயிற்று, அதிபர் போனார், கரும்பலகை போயிற்று. ஆனால் கூடும் வழக்கம் மட்டும் போகவில்லை. இன்று கூடுகின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ! தெரியாவிட்டாலும், அவர் கூட்டிய இடத்தில்தான் அவர்கள் கூடுகிறார்கள்.

1939 ஜனவரியில் பார்ஸிலோனா பிராங்கோவின் கையில் விழுந்தது. அதிலிருந்து 1975-இல் அவர் இறக்கும் வரை கட்டலான் பாஷைக்குப் பள்ளியிலும் சர்க்கார் காரியாலயத்திலும் இடமில்லை. தாய் பிள்ளையிடம் பேசலாம். வாத்தியார் மாணாக்கனிடம் பேசக்கூடாது. அந்நாட்களிலும் ஏப்ரல் மாதம் 23-ஆம் தேதி, ஸந்த் ஜோர்தி திருநாளன்று, ரோஜாப் பூவும் புத்தகமும் பரிசு கொடுக்கும் வழக்கத்தை அம்மக்கள் விடவில்லை. இன்று அத்தினத்தில் நகரத்து வீதிகளெல்லாம் புத்தகக் கடைகளாகின்றன. 1995-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்த ஏப்ரல் 23-ஆம் தேதியையே உலகப் புத்தக தினமாக அங்கீகரித்தது. தன் பாஷையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சிறு ஜாதியார் கைக்கொண்ட ஆயுதம் ஒரு பூவும் ஒரு புத்தகமும் என்றால், அதைத் தமிழ் மக்கள் மதிக்காமல் வேறு யார் மதிப்பார்?

2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி மாலை, இதே நடைபாதையில் ஒரு கொலைகாரன் வேன் வண்டியை ஜனங்கள்மேல் ஏற்றிக்கொண்டு 500 மீட்டருக்கு மேல் சென்றான். ஓவியர் ஜுவான் மீரோ 1976-இல் தரையில் பதித்துக் கொடுத்த வண்ணச் சித்திரத்தின்மேல் வண்டி நின்றது. அதனையும் அதைத் தொடர்ந்த தாக்குதல்களையும் சேர்த்து 16 நிரபராதிகள் உயிரிழந்தார்கள். காயமுற்றவர்களும் மாண்டவர்களும் முப்பதுக்கு மேற்பட்ட தேசத்தார். மறுநாள் நகரத்து மக்கள் கூடி, கட்டலான் பாஷையில், 'எனக்குப் பயமில்லை' என்று முழங்கினார்கள். அச்சித்திரத்தைச் சுற்றிப் பூக்களும் மெழுகுவத்திகளும் குவிந்தன. அந்நிய தேசத்துப் பிரயாணிகளுக்காக அந்நகரம் தன் சொந்தப் பிள்ளைகளுக்காக அழுவதுபோல் அழுதது. இதை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்நகரத்தார் பிரயாணிகளை வெறுப்பவர்கள் என்று பின்னால் சிலர் எழுதினார்கள். வெறுப்பவர்கள் இப்படி அழமாட்டார்கள்.

அப்படியானால் மாடிப்படி மூதாட்டியாரின் கோபம் எதனால்?

1992-இல் அந்நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. உலகத்தின் கண் அதன்மேல் விழுந்தது. விழுந்த கண் மீளவில்லை. நகரத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 17 லட்சம். வருஷந்தோறும் வந்து தங்கிப் போகிறவர்களோ ஒரு கோடிக்கு மேல். வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பிரயாணிக்கு நாள் வாடகைக்கு விடுவது லாபமென்று வீட்டுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். பத்து வருஷங்களில் நகரத்து வாடகை நூற்றுக்கு 68 வீதம் ஏறிவிட்டதென்று மேயர் ஜவுமே கொல்பொனி 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கூறினார். அனுமதி பெற்ற பிரயாணி வீடுகள் 10,101. அவற்றின் அனுமதியை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்றும் அவர் அறிவித்தார். அடுத்த மாதம் 6-ஆம் தேதி சில ஆயிரம் ஜனங்கள் ஊர்வலம் சென்றார்கள். அவர்களில் சிலர், விடுதி வாசல்களில் உட்கார்ந்து உண்டுகொண்டிருந்த பிரயாணிகள்மீது குழந்தைகள் விளையாடும் நீர்த் துப்பாக்கியால் தண்ணீரைப் பீச்சினார்கள். அப்படங்கள் உலகமெங்கும் பரவின. 2025 மார்ச்சு மாதத்தில் ஸ்பெயினின் அரசியற் சட்ட நீதிமன்றம், இவ்விஷயத்தில் கட்டலோனிய சர்க்கார் செய்த சட்டம் செல்லும் என்று தீர்மானித்தது.

இனி இரு கட்சிகளையும் நடுநிலையில் நின்று ஆராய்வோம்.

பிரயாணிகளின் கட்சி இது: ராஜபாட்டை எல்லாருக்கும் பொது. நடப்பதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை. பிரயாணி பணத்தோடு வருகிறான். அப்பணத்தால் பரிசாரகனும் வண்டிக்காரனும் கடைச் சிப்பந்தியும் பிழைக்கிறார்கள். விமானத்தையும் கப்பலையும் விளம்பரம் செய்து அழைத்தவர்கள் வந்தவனைப் பார்த்து 'ஏன் வந்தாய்?' என்பது நியாயமா? முற்காலத்தில் செல்வர்கள் மட்டும் கண்ட உலகத்தை இன்று பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் காண்கிறார்கள். அதைக் கூட்டம் என்று இகழ்வது கனவான்களின் கர்வமல்லவா? இவ்வாதத்தில் உண்மை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். அடிமைப்பட்டிருந்த ஒரு தேசத்தில் பிறந்த நமக்கு, 'இந்த வீதியில் நடக்க உனக்குப் பாத்தியதை இல்லை' என்ற வார்த்தையின் கசப்பு தெரியும். நமது நாட்டிலேயே சில வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது.

நகரத்தார் கட்சியோ இது: நடப்பதை யார் தடுத்தார்கள்? நீங்கள் நடக்கும் வழியில் எங்களுக்கு நடக்க இடமில்லை, அதுவே பிராது. பறவை விற்ற கடைகள் போய்க் காந்தம் விற்கும் கடைகள் வந்தன. சந்தையில் மீன் வாங்க வந்தவள் படம் பிடிப்பவர்களைத் தாண்டிக் கடைக்காரரிடம் போக முடியவில்லை. பெருங்கூட்டமாய் வருவோருக்கு 2015-இல் நகரசபை வரம்பு விதிக்க நேர்ந்தது. வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. குடியிருப்பவர்கள் இல்லாத நகரத்தைப் பார்க்க நீங்களே நாளைக்கு வரமாட்டீர்கள்.

இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. 2020-ஆம் வருஷம் தொற்றுநோய்க் காலத்தில் ரம்ப்ளா காலியாகிவிட்டது. பிரயாணிகள் இல்லை, பிரயாணிகளுக்காகவே இருந்த கடைகள் சாத்திக் கிடந்தன, அவை சாத்தியபின் நகரத்தார் அங்கே வந்து வாங்குவதற்கு ஒன்றுமில்லை. அவ்வருஷம் ஜூன் மாதம் 22-ஆம் தேதி லிஸேவு சாலையைத் திறந்தபோது, 2,292 ஆசனங்களிலும் மனிதர்களுக்குப் பதிலாகச் செடிகளை வைத்து, நால்வர் தந்தி வாத்தியம் வாசித்தார்கள். பிறகு அச்செடிகளை வைத்தியசாலைகளில் உழைத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அது அழகான செய்கைதான். ஆனால் ஒரே ஜாதிச் சரக்கை நம்பிய கடை போல, ஒரே ஜாதி ஜனத்தை நம்பிய வீதியும் ஒரு நாளில் சூன்யமாகும் என்பதை அந்தக் காலம் காட்டிவிட்டது. பிரயாணியை நம்பியவர்கள்கூட நகரத்தாரை விரட்டிப் பிழைக்க முடியாது.

மறுநாள் ஞாயிறு. ஏழு மணிக்கு மேல்தான் அங்கே பொழுது விடிந்தது. நாம் மீண்டும் ரம்ப்ளாவுக்குப் போனோம். தண்ணீர் பீச்சி வீதியைக் கழுவியிருந்தார்கள். பழைய தளவரிசை எஞ்சியிருந்த இடத்தில் அதன் அலைக் கோடுகள் ஈரத்தில் பளபளத்தன. ஆறு திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. 2022-இல் தொடங்கிய சீர்திருத்த வேலைக்காகச் சில பகுதிகளில் வேலி போட்டிருந்தார்கள். வண்டிப் பாதையை இன்னும் ஒடுக்கி நடைபாதையை இன்னும் அகலமாக்குகிறார்களாம். ஒரு கிழவர் நாயுடன் நடந்தார். இரு மாதர்கள் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பூக்கடையின் கதவு திறந்திருந்தது.

நண்பர் முதல் நாள் கற்றுக்கொடுத்த கட்டலான் வார்த்தைகள் இரண்டு நம்மிடம் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கொண்டு காலை வணக்கம் சொன்னோம். பூக்கார அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் கடுப்பும் இல்லை. ஒரு ரோஜாக் கொத்து வாங்கினோம். பக்கத்துக் கடையைத் திறக்க வந்த இளைஞர் ஒருவர் அந்த அம்மையாருடன் கட்டலான் பாஷையில் சரளமாக ஏதோ பேசி அவரைச் சிரிக்க வைத்தார். முகத்தைப் பார்த்தால் நமது பக்கத்துக்காரராகத் தோன்றிற்று. விசாரித்தோம், பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தவர். "இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாகிறது, ஐயா. இங்கே பக்கத்தில்தான் குடியிருந்தேன். வாடகை கட்டவில்லை; இப்போது ஒரு மணி நேரம் ரயிலில் வருகிறேன்" என்றார். "கட்டலான் எப்படிக் கற்றீர்கள்?" என்று கேட்டதற்கு, அம்மையாரைக் காட்டி, "இந்த அம்மாதான் வாத்தியார். வேறு பாஷையில் பேசினால் காது கேட்காததுபோல் இருந்துவிடுவார்" என்றார்.

நமது கேள்விக்கு நாம் தேடிய விடை அங்கே கிடைத்தது. இவ்வழக்கு உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் நடப்பதன்று. வெளியூரிலிருந்து வந்த அந்த இளைஞர் அவ்வீதியைச் சேர்ந்தவராகிவிட்டார். காந்தம் விற்கிறார் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த அம்மையாரின் சுகதுக்கம் அவருக்குத் தெரியும். இருவரையும் ஒரே வாடகை துரத்துகிறது. நாமோ, நமக்குத் தெரியாமலே, துரத்துகிறவர்களின் கட்சியில் கையொப்பமிட்டிருந்தோம்.

வீதியின் கீழ் முனையில் 60 மீட்டர் உயரமுள்ள கொலம்பஸ் ஸ்தம்பம் நிற்கிறது. 1888-ஆம் வருஷக் கண்காட்சியை ஒட்டி எழுப்பியது. உச்சியில் அவரது சிலை கடலை நோக்கிக் கை நீட்டுகிறது. அந்தக் கை அமெரிக்கா இருக்கும் மேற்குத் திசையைக் காட்டவில்லை என்பது ஊரார் பரிகாசம். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு, வேறொரு கரையில் இறங்கி, அங்கே இருந்தவர்களுக்கு நமது பெயரைச் சூட்டிவிட்டு, பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டதாகவே நம்பித் திரும்பியவர் அவர். அவ்விதப் பிரயாணிகளின் வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை. முதல் நாள் நடுப்பகலில் ரம்ப்ளாவைப் பார்த்துவிட்டோமென்று தீர்ப்புச் சொன்ன நாமும் அவ்வம்சத்தவரே.

விருந்தோம்புதலில் தமிழர் சிறந்தவர் என்று நாம் பெருமை பேசிக்கொள்கிறோம், அது தகும். ஆனால் விருந்தினராக நடந்துகொள்வதும் ஒரு தர்மம் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. முன்பு நம்மவர் அயல்நாடு சென்றது பிழைப்புக்கும் படிப்புக்கும். இப்போது பார்ப்பதற்கென்றே ஆயிரக் கணக்கில் போகிறார்கள். போகட்டும், போகவேண்டும். ஆனால் ஒரு குடும்பம் வாழவேண்டிய வீட்டில் பெட்டியை வைக்கவேண்டாம். அதற்கென்று ஏற்பட்ட விடுதிகள் இருக்கின்றன. சற்றுச் செலவு கூடினால் இரண்டு நாள் குறைத்துக்கொள்ளலாம். அவ்வூர்ப் பாஷையில் வணக்கமும் நன்றியுமாவது கற்றுக்கொண்டு போகலாம். பாஷையின் அருமையை நாம் ஊராருக்குப் போதிக்கிறவர்களாயிற்றே! ஜனங்கள் வாழும் இடத்தைக் காட்சிசாலையென்று எண்ணாதிருக்கலாம். நாளைக்கு நமது ஊர்க் கோயில் வீதிகளும் மலைவாசஸ்தலங்களும் இதே வழக்கில் வாதியாக வரும். சில இடங்களில் பிராது எழுதத் தொடங்கியாயிற்று. அன்று நாம் கோரப்போகும் நியாயத்தை இன்று பிறருக்கு வழங்குவதே முறை.

நாம் அன்று மாலையே அவ்வீட்டைக் காலி செய்து, எஞ்சிய இரு நாட்களுக்கு ஒரு ஹோட்டலில் இடம் தேடிக்கொண்டோம். ஒரு வீட்டால் நகரம் பிழைத்துவிடாது என்பதை அறிவோம். புறப்படும்போது ரோஜாக் கொத்தை மூதாட்டியாரின் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார், நமது பெட்டியைப் பார்த்தார், பிறகு நமது முகத்தைப் பார்த்தார். ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க நண்பர் அருகில் இல்லை. நமக்குத் தெரிந்த இரண்டாவது வார்த்தையாகிய நன்றியைச் சொல்லிவிட்டு இறங்கினோம்.

கனலேத்தெஸ் நீரூற்றில் தண்ணீர் குடித்தவர்கள் மீண்டும் பார்ஸிலோனாவுக்குத் திரும்பி வருவார்கள் என்பது அவ்வூர் நம்பிக்கை. ரயிலுக்குப் போகும் வழியில் அங்கே நின்று சற்று யோசித்தோம். பிறகு ஒரு கை நீர் அள்ளிக் குடித்தோம்.